கூட்டாளி மவுத்தான பிறகு கடையை என்ன செய்வது?

அத்தா மவுத்தான (இறந்த) நான்காம் நாள் காலையில் அவருடைய கூட்டாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் அவரைச் சாச்சா என்று கூப்பிடுவோம். ரத்த உறவு கிடையாது, கடை உறவுதான். கக்கத்தில் பேரேடு, கையில் சாவிக்கொத்து. கூடத்தில் பாயில் உட்கார்ந்து பேரேட்டைப் பிரித்துப் பெரியத்தா முன்னால் வைத்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் கடைசி வரவுக்குக் கீழே அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தது.

"இதுக்கு மேலே இருக்கிறது எனக்கும் அண்ணனுக்கும் உள்ள கணக்கு. கீழே இன்னும் ஒண்ணும் எழுதலை. கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன், நீங்க சொன்னாத்தான் திறப்பேன்" என்றார். அம்மா இத்தாவில், அதாவது கணவர் மவுத்தான பின் மனைவி இருக்க வேண்டிய காத்திருப்புக் காலத்தில், இருந்தார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினாறு வயது. சாச்சா ஏன் இவ்வளவு ஒழுங்கு பார்க்கிறார் என்று புரியவில்லை. இன்று சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. கூட்டாளி மவுத்தான கடைகள் பலவற்றின் புத்தகங்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. அந்தச் சிவப்புக் கோடு இருந்த புத்தகம் மிகக் குறைவு. கோடு இல்லாத இடத்தில் நடந்ததை எல்லாம் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். இருக்கிற கூட்டாளிக்கும் போனவரின் வாரிசுகளுக்கும் என்னென்ன வழிகள் உண்டு, எது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் விஷயம்.

ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்ட நூல்கள் கூட்டு வியாபாரத்தை ஷிர்கத் என்கின்றன. அதன் அடியில் இருப்பது வகாலத். கோர்ட்டில் சொல்கிறோமே வக்காலத்து, அதே சொல்தான். ஒரு கூட்டாளி சரக்கு எடுக்கும்போது பாதியைத் தனக்காகவும் பாதியை மற்றவரின் வக்கீலாகவும் எடுக்கிறார். ஆள் மவுத்தானால் அவர் கொடுத்த வக்காலத்தும் முடிந்துபோகிறது, அதோடு கூட்டும் முடிகிறது. மரணச் செய்தி மற்றவருக்குத் தெரியாவிட்டாலும் அந்த நொடியிலேயே கூட்டு முறிந்துவிடும் என்பது, நான்கு மத்ஹபுகளில் (சட்டப் பள்ளிகளில்) ஒன்றான ஹனஃபியின் சட்டம். துருக்கிய உஸ்மானியர்கள் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டத்தின் 1352ஆம் பிரிவு இதையே சொல்லிவிட்டு, கூட்டாளிகள் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் இறந்தவர் மட்டில்தான் முறியும், மற்றவர்களுக்குள் கூட்டு நிற்கும் என்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இங்கே அதிகம் விலகவில்லை. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி பங்குதாரர் இறந்தால் கூட்டு கலையும், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. இருப்பதே இரண்டு பேர் என்றால் அந்த எழுத்தும் உதவாது. ஒருவர் போன பிறகு கூட்டு சேர இன்னொரு ஆள் இல்லையே! 1965ல் சேத் கோவிந்த்ராம் சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

ஆக, மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும் கூட்டாளி தன் கடையை மட்டும் திறக்கவில்லை. அதில் பாதி இப்போது ஒரு விதவைக்கும், சில பிள்ளைகளுக்கும், ஒருவேளை ஒரு வயதான தாய்க்கும் சொந்தம். அவர்கள் யாரும் அவருக்கு வக்காலத்து கொடுக்கவில்லை. மஜல்லாவின் 1090ஆம் பிரிவு வாரிசுகளில் ஒருவரைப் பற்றியது. மற்றவர்கள் அனுமதி இல்லாமல் பங்கு பிரிக்காத பணத்தை எடுத்து வியாபாரம் செய்தால் நட்டமும் அவருக்கே, லாபத்திலும் மற்றவர்கள் பங்கு கேட்க முடியாது என்கிறது. ஹன்பலி மத்ஹபில் பிரபலமான கருத்து இதற்கு நேர் எதிர்: அனுமதியின்றிப் புரட்டிய பணத்தின் லாபம் பணத்துக்காரருக்கே. எந்தக் கருத்தை எடுத்தாலும், பேசாமல் கடையை நடத்திக்கொண்டே போனால் நாளைக்கு ஒரு பக்கம் நியாயம் கேட்டு நிற்கும்.

எந்த வழியில் போவதானாலும் முதல் வேலை ஒன்றுதான். மவுத்தான தேதிக்கு ஐந்தொகை (சொத்தும் கடனும் சேர்ந்த கணக்கு) எடுக்க வேண்டும். மார்ச் 31க்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொன்னால் கேட்காதீர்கள். சரக்கு எண்ணும்போது வாரிசுகள் பக்கம் ஒருவர் உடன் நிற்க வேண்டும். எங்கள் கடையில் பெரியத்தாவும் சாச்சாவும் மூன்று நாள் கிடங்கிலேயே இருந்தார்கள். ஆணிப் பெட்டியை எடை போட்டு, பெயிண்ட் டப்பாவை எண்ணி, துருப்பிடித்த கீல்களைத் தனியாகக் குவித்து, அதற்கு என்ன விலை போடுவது என்று அரை மணி நேரம் பேசியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சாச்சா கூடுதலாகப் போடச் சொன்னார், பெரியத்தா குறைக்கச் சொன்னார்.

அடுத்தது கடன். குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 11, 12 வசனங்கள் பங்குகளைச் சொல்லும் இடத்திலெல்லாம் வஸிய்யத்தும் (உயிலும்) கடனும் போன பிறகு என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அடக்கச் செலவு, கடன், மிச்சத்தில் மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், அப்புறம்தான் வாரிசு. மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் (நிக்காஹ்வில் கணவர் தர ஒப்புக்கொண்ட தொகை) கடன்தான். இதை வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

நபித்தோழர் ஸுபைர் இப்னு அவ்வாம் அவர்களின் சொத்துக் கணக்கு புகாரி ஹதீஸ் தொகுப்பில் விரிவாக இருக்கிறது. வியாபாரக் குடும்பங்கள் ஒரு முறையாவது உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி. கி.பி. 656ல் ஜமல் போரில் ஷஹீதாகும்போது அவர் மேல் அன்றைய நாணயத்தில் 22 லட்சம் கடன் இருந்தது. யாராவது பணத்தை அமானிதமாக (பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி) கொடுத்தால், தொலைந்துபோகுமோ என்று அஞ்சி, கடனாகவே வாங்கிக்கொள்வாராம். அப்படிச் சேர்ந்த கடன் அது. கடன் தீர்ந்ததும் பங்கைப் பிரித்துக் கொடு என்று மற்ற பிள்ளைகள் கேட்டார்கள். மகன் அப்துல்லாஹ் மறுத்துவிட்டார். தந்தை யாருக்காவது தர வேண்டியிருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான்கு வருடம் ஹஜ் காலத்தில் அறிவித்த பிறகே பிரித்தார். அதே சம்பவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஸுபைர் 1,70,000க்கு வாங்கிய அல்-காபா என்ற நிலம் (மக்காவின் கஃபா அல்ல) 16 லட்சத்துக்கு விலை போயிற்று. வாங்கிய விலையை வைத்து அன்று கணக்கு முடித்திருந்தால் யாருக்கு எவ்வளவு நட்டம்! நம் ஊர்க் கூட்டுப் பத்திரங்களில் "புத்தக மதிப்பின்படி தீர்க்கப்படும்" என்று ஒரு வரி பழக்கதோஷமாக வந்து உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நிலம்தான் ஞாபகம் வரும்.

ஒப்பிடுவதற்கு ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். இருவர், பாதிப் பாதி. மவுத்தான அன்று ரொக்கம் 8 லட்சம், சரக்கு 70 லட்சம், வெளியே வர வேண்டிய பாக்கி 32 லட்சம், கடை அட்வான்ஸ் 10 லட்சம், கடைப் பெயருக்கு மதிப்பு 12 லட்சம். சரக்குக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது 24 லட்சம். நிகரம் 1 கோடியே 8 லட்சம், இறந்தவர் பங்கு 54 லட்சம். அவருடைய சொந்தக் கடனும் மஹர் பாக்கியும் 6 லட்சம் என்றால் மிச்சம் 48 லட்சம். மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள் வாரிசு. மனைவிக்கு எட்டில் ஒன்று, 6 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 8 லட்சம். மீதி 34 லட்சத்தில் மகனுக்கு 17, மகள்களுக்கு ஆளுக்கு எட்டரை.

கடைப் பெயருக்குப் போய் மதிப்பா என்று சிலர் கேட்பார்கள். 1988ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயரும் முத்திரையும் விலை உள்ள உரிமைகள் என்று தீர்மானித்திருக்கிறது. இருபது வருடம் இருவர் சேர்ந்து சம்பாதித்த பெயரை ஒருவர் சும்மா எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

கலைத்துவிடுவது

சரக்கை விற்று, கடனை அடைத்து, இருப்பதைப் பிரித்துக்கொள்வது. சட்டப்படி இதைவிடச் சுத்தமான வழி இல்லை, விலைப்படி இதைவிட மோசமானதும் இல்லை. கடை மூடுகிறார்கள் என்று தெரிந்த மறுநாளே 70 லட்சம் சரக்கை 45க்குக் கேட்பார்கள். பாக்கிக்காரர் போனை எடுக்கமாட்டார். முதலே இல்லாமல் உழைப்பை மட்டும் வைத்து நடந்த கூட்டுக்கு, அதாவது இரண்டு தச்சர்களோ இரண்டு தையல்காரர்களோ சேர்ந்து செய்ததற்கு, இது போதும். இரு குடும்பத்துக்கும் நம்பிக்கை அற்றுப்போயிருந்தாலும் இதுதான் சரி. மற்றபடி ஓடுகிற கடைக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

பங்கை விலை பேசி வாங்கிக்கொள்வது

பெரும்பாலும் நடப்பது இதுதான். தவறு நடப்பதும் இங்கேதான் அதிகம்.

வாரிசு தன் பங்குக்குப் பதில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு விலகுவதை ஃபிக்ஹில் தகாருஜ் என்பார்கள். நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவர்களின் மனைவியரில் ஒருவர் அப்படி விலகிக்கொண்டது இதற்கு முன்னுதாரணம். பேசிய விலை சந்தை விலையோடு சரியாகப் பொருந்த வேண்டும் என்பதில்லை, ஆனால் என்ன கைமாறுகிறது என்று விலகுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் 25 லட்சம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவதைச் சமரசம் என்று என்னால் சொல்ல முடியாது.

54 லட்சத்தை ஒரே மூட்டையாகக் கட்டி விலை பேசாமல் மூன்றாகப் பிரிக்க வேண்டும். ரொக்கத்தை ரொக்கத்தாலேயே பிரியுங்கள். கையில் இருக்கும் 4 லட்சத்தைத் தவணையில் கூட்டியோ குறைத்தோ வாங்கினால் அது ரிபாவில், அதாவது வட்டியில், போய் முடியும். சரக்கு, அட்வான்ஸ், பெயர் மூன்றும் சேர்ந்த 46 லட்சத்துக்குத் தாராளமாக விலை பேசலாம், தவணையும் போடலாம். பாக்கியை மட்டும் விலை பேசாதீர்கள். ஊரார் தர வேண்டிய கடனைக் கடன்பட்டவர் அல்லாத இன்னொருவருக்கு விற்பது ஹனஃபி சட்டத்தில் செல்லாது. பங்கு விலகல் ஒப்பந்தத்துக்குள் அதை நுழைத்தால் ஒப்பந்தமே கெடும் என்று நூல்கள் எச்சரிக்கின்றன. வசூலாக வசூலாகப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. 32 லட்சத்தில் எவ்வளவு வரும் என்று யாருக்குத் தெரியும்? ஊகத்தை வைத்து ஒருவர் தலையில் இன்னொருவர் கட்டாமல் இருப்பதே நல்லது.

நம் கற்பனைக் கடையில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். ரொக்கம் 4 லட்சம் இன்றைக்கே. சரக்குக்காரர்களுக்கு இறந்தவர் பங்காகக் கொடுக்க வேண்டிய 12 லட்சத்தை அவர்கள் சம்மதத்தோடு இருப்பவர் ஏற்றுக்கொண்டால், 46ல் அது போக 34 லட்சம் விலை. மாதம் ஒரு லட்சம் என்றால் 34 மாதம். பாக்கி 16 லட்சம் வரும்போது வரும். முதல் 4 லட்சமும் முதல் இரண்டு தவணையும் சொந்தக் கடனையும் மஹரையும் தீர்த்துவிடும். தவணை தவறினால் வட்டி போடக் கூடாது. ஆனால் ஜாமீன் கேட்கலாம், நகையோ பத்திரமோ அடமானமாக வாங்கி வைக்கலாம். ரெண்டும் ஷரீஅத் அனுமதித்ததே. கூட்டாளி நல்லவர், எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுகிறார்கள். நல்லவரும் நாளைக்கு மவுத்தாவார் இல்லையா.

கணக்கு முடிக்காமலே கடை ஓடிக்கொண்டிருந்தால் கூட்டாண்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு வாரிசுகளுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தருகிறது: அவர்கள் சொத்தைப் பயன்படுத்தி வந்த லாபத்தில் பங்கு, இல்லாவிட்டால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. வக்கீல்கள் எளிது என்று வட்டியைக் கேட்டு நோட்டீஸ் எழுதிவிடுவார்கள். லாபப் பங்கைக் கேட்கச் சொல்லுங்கள். அதே பிரிவிலேயே ஹலாலான வழி இருக்கும்போது மற்றது எதற்கு?

வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால் யார் விற்கிறார்கள் என்பது பெரிய கேள்வியாகிவிடும். நம் மக்களில் பலர், தாய் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. தந்தைக்குப் பின் பிள்ளைகளின் சொத்துக்கு வலீ (பொறுப்பாளர்), தந்தை நியமித்த வஸி (தனக்குப் பின் பார்த்துக்கொள்ள நியமித்தவர்), பாட்டனார், அவர் நியமித்த வஸி ஆகியோர்தான். முன்பின் வரிசை மத்ஹபுக்கு மத்ஹப் கொஞ்சம் மாறும். 1918ல் இமாம்பந்தி வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், தாய் பிள்ளைகளைப் பராமரிப்பவர் மட்டுமே, அவர்களின் அசையாச் சொத்தை விற்க அவருக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. கடைக் கட்டடமும் கூட்டுச் சொத்தாக இருந்தால், 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி கோர்ட்டில் தாயைக் காப்பாளராக நியமிக்கக் கேட்டு, விற்க அனுமதியும் வாங்கிவிடுவதே பாதுகாப்பு. மாதக்கணக்கில் இழுக்கும், உண்மைதான். பதினெட்டு வயதில் பிள்ளை வந்து இந்த விற்பனை செல்லாது என்று நின்றால் அதைவிட அதிகமாக இழுக்கும். இன்னொன்று: இருக்கிற கூட்டாளியே பிள்ளைகளுக்கு வஸியாகவும் இருந்து, பங்கை வாங்குபவராகவும் இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்குத் தெளிவான லாபம் இருந்தால் இமாம் அபூஹனீஃபா அனுமதிக்கிறார். அவருடைய மாணவர்கள் இருவரும் அதையும் ஏற்கவில்லை. மூன்றாவது ஆளைத் தேடுங்கள்.

வாரிசுகளைச் சேர்த்துக்கொண்டு தொடர்வது

பழைய கூட்டு நீள்வதாக நினைக்கக் கூடாது, இது புதுக் கூட்டு. பழைய பத்திரத்தை எடுத்து அத்தா பெயருக்கு மேல் மகன் பெயரை ஒட்ட முடியாது. ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா இதை அழகாகப் பிரித்துச் சொல்கிறார்: விவரமறிந்த வாரிசு விரும்பினால் கூட்டாளியின் சம்மதத்தோடு தொடரலாம், விரும்பினால் பங்கைப் பிரிக்கச் சொல்லலாம். சிறு பிள்ளையானால் வலீ அந்த இடத்தில் நின்று பிள்ளைக்கு எது நன்மையோ அதைச் செய்ய வேண்டும். இறந்தவருக்குக் கடன் இருந்தால் அது தீரும்வரை தொடர முடியாது.

கடற்கரை ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் ஷாஃபிஈ மத்ஹப். அங்கே சரக்கை முதலாக வைத்துக் கூட்டு சேர்வதில் வழக்கமாக ஒரு சிக்கல் உண்டு. இந்த இடத்தில் அது எழாது. வாரிசுரிமையால் இருவருக்கும் ஏற்கெனவே பொதுவாகிவிட்ட பொருளில் ஒருவருக்கொருவர் வியாபார அனுமதி கொடுத்தாலே கூட்டு நிறைவேறும் என்று இமாம் நவவி மின்ஹாஜ் என்ற நூலில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். சிக்கல் வருவது லாபத்தில். ஷாஃபிஈ சட்டத்தில் லாபம் முதலின் அளவுப்படிதான். மூலதனத்தில் பாதி வாரிசுகளுடையது என்றால், காலை முதல் இரவு வரை கடையில் நிற்பவர் சாச்சா ஒருவரே ஆனாலும் பாதி லாபம் அங்கே போகும். ஹனஃபியிலும் ஹன்பலியிலும் உழைப்பவருக்குக் கூடுதல் விகிதம் பேசிக்கொள்ளலாம், 65க்கு 35 என்று வைத்தாலும் செல்லும். நட்டம் மட்டும் நான்கு மத்ஹபிலும் முதலின் அளவுப்படியே.

மகன் விவரமானவனாக, ஏற்கெனவே கடையில் பழகியவனாக இருந்தால் இந்த வழி அருமையானது. வாடிக்கை போகாது, பெயர் போகாது. ஆனால் புதிதாகச் சேரும் பெரியவர்கள் கடைக் கடனுக்குத் தங்கள் வீடு வாசல் வரை பொறுப்பாவார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். சிறு பிள்ளைகளைக் கூட்டாண்மைச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி லாபத்துக்கு மட்டும் சேர்க்கலாம். அவர்கள் பங்கு மட்டுமே கடனுக்குப் பொறுப்பு, பிள்ளைக்குச் சொந்தப் பொறுப்பு வராது.

இங்கே எனக்கு மனம் கொதிக்கிற ஒன்று உண்டு. மூத்த மகன் கடையில் உட்கார்ந்துவிட்டால் கடையே அவனுடையது என்று ஆகிவிடுகிறது. மகள்களின் பங்கைப் பற்றிக் கேட்டால், நகை போட்டாச்சு, சீர் கொடுத்தாச்சு என்கிறார்கள். அத்தா உயிரோடு இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. மவுத்துக்குப் பின் வருவது அல்லாஹ் விதித்த பங்கு. ஒன்று மற்றொன்றைக் கழிக்காது. பத்திரத்தில் "என் இடத்துக்கு என் மூத்த மகன் வருவான்" என்று எழுதியிருந்தாலும் அவன் உட்காரும் நாற்காலிக்குத்தான் அது செல்லும், 48 லட்சத்துக்குச் செல்லாது. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி. நம் கணக்கில் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து 17 லட்சம், பாட்டிக்கு 8 லட்சம். பாட்டியை யாரும் நினைப்பதே இல்லை.

முதல் அவர்களுடையது, உழைப்பு உங்களுடையது

முளாரபா. விதவையும் சிறு பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீட்டில், கூட்டாளியிடம் பங்கை வாங்கப் பணமும் இல்லாதபோது நான் முதலில் இதைத்தான் யோசிக்கச் சொல்வேன். பணத்தை வாங்கி பேங்கில் போட்டுச் செலவழித்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது ஒன்றும் மிஞ்சாது. யதீம்களின் (அநாதைகளின்) பொருளை வியாபாரத்தில் போடுங்கள், ஸகாத் (கட்டாய தர்மம்) அதைத் தின்றுவிடாமல் இருக்கட்டும் என்று கலீஃபா உமர் சொன்னதாக இமாம் மாலிக் தம் முவத்தா என்ற நூலில் பதிந்திருக்கிறார். இந்தக் கவலை ஷாஃபிஈகளுக்கு நேரடியாகவே உண்டு, அவர்கள் சட்டத்தில் சிறுவரின் பொருளுக்கும் ஸகாத் கடமை. ஹனஃபியில் பணத்துக்கும் சரக்குக்கும் அது கிடையாது. ஆனாலும் விலைவாசி தின்னும்.

முறையாகச் செய்வதானால், ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் முளாரபாவின் முதல் பணமாக இருக்க வேண்டும் என்பார்கள். எனவே இருக்கும் சரக்கு விற்று வரும் பணத்திலிருந்து தொடங்குவதாக எழுதிக்கொள்ளலாம் என்று ஹனஃபி நூல்கள் வழி காட்டுகின்றன; உங்கள் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) வாசகத்தைக் காட்டிவிடுங்கள். லாபத்தை விகிதமாகப் பேச வேண்டும். மாதம் 15,000 நிச்சயம் என்று எழுதிய நிமிடமே ஒப்பந்தம் கெட்டது. நான்கு மத்ஹபும் இதில் ஒன்று. செலவுக்கு மாதாமாதம் முன்பணமாகக் கொடுத்து வருடக் கடைசியில் லாபத்தோடு நேர் செய்துகொள்ளலாம்.

இதன் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நட்டம் வந்தால் முழுவதும் முதல் போட்டவருக்கே. உழைத்தவருக்கு உழைப்புதான் வீண், அவர் கவனக்குறைவு செய்திருந்தால் ஒழிய. ஆறு வயதுப் பிள்ளையின் எட்டரை லட்சத்தை இப்படி வைப்பது சும்மா காரியமல்ல. ஆகவே மூன்று வருடத்துக்கு மேல் எழுதாதீர்கள். வருடா வருடம் சரக்கு எண்ண வேண்டும், அம்மா வீட்டு ஆள் ஒருவர் அதில் உட்கார வேண்டும். தாறுமாறாக ஏறி இறங்கும் வியாபாரம், உதாரணமாக ஏற்றுமதித் தோல், என்றால் இதை விட்டுவிட்டுத் தவணை விலைக்கே போங்கள்.

இந்த நான்கிலும் சேராத ஒன்றுதான் ஊரில் அதிகம் நடக்கிறது: மாதா மாதம் கவர். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்பது வருடம் கவர் வந்தது. ஆரம்பத்தில் 8,000, பிறகு 10,000. பெருநாளைக்குக் கூடுதலாக 5,000. அந்த அம்மா கொடுத்தவருக்காக ஐவேளையும் துஆ செய்தார். பையன் கல்லூரி முடித்த வருடம் கவர் நின்றது. இனி உன் மகன் சம்பாதிப்பான் என்றார்களாம். கடை அதற்குள் இரண்டு மாடி ஏறியிருந்தது. பழைய புத்தகங்களைக் கேட்டபோது கரையான் அரித்துவிட்டது என்று பதில். கொடுத்தவர் கெட்டவரில்லை என்றே நினைக்கிறேன், தர்மம் செய்வதாக அவரே நம்பியிருக்கிறார். அவர் கொடுத்தது அவர்களுடைய பணத்தையேதான் என்று சொல்ல அந்த வீட்டில் பேரேடு இல்லை. யதீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பை உண்கிறார்கள் என்ற வசனம், 4:10, பங்குகளைப் பேசும் வசனங்களுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. அதே குர்ஆன் 2:220ல், அவர்களோடு கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்களே, கெடுப்பவர் யார் சீர் செய்பவர் யார் என்று அல்லாஹ் அறிவான் என்கிறது. கலப்பது தடையில்லை, கணக்கில்லாமல் கலப்பதுதான் ஆபத்து.

எங்கள் வீட்டில் என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்பீர்கள். பெரியத்தாவும் சாச்சாவும் ஹஜ்ரத் ஒருவரை நடுவில் வைத்துப் பேசி, சரக்கையும் பெயரையும் தவணைக்கு விற்றார்கள். பாக்கியைத் தனிப் புத்தகத்தில் எழுதி வசூலைப் பிரித்தார்கள். என் தம்பிக்கு எட்டு வயது. ஹஜ்ரத்தின் யோசனைப்படி அவனுடைய பங்கை மட்டும் பிரித்து முளாரபாவாக மூன்று வருடம் வைத்தார்கள், இரண்டாம் வருடம் நட்டம் வந்தது. அதையும் சாச்சா கொண்டுவந்து காட்டினார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரே வீட்டில் இரண்டு வழியைக் கலக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எல்லா வாரிசும் ஒரே வழியில் போக வேண்டும் என்று சட்டமில்லை.

இதைப் படிக்கும் கூட்டாளிகள் இருவரும் உயிரோடிருந்தால் இவ்வளவு பாடும் ஒரு மாலை வேலைதான். கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) மாற்றிக்கொள்வது ஒரு தீர்வு. ஆள் போனாலும் நிறுவனம் நிற்கும். 2008ஆம் ஆண்டுச் சட்டம் எல்.எல்.பி.க்கு அந்த நிலைத்த தன்மையைக் கொடுக்கிறது. அங்கேயும் பங்கின் மதிப்பு வாரிசுகளுக்கே. நாமினி என்று பெயர் எழுதியவர் வாங்கிக் கொடுப்பவர்தான், சொந்தக்காரர் இல்லை. கம்பெனிப் பங்குகளில் 2023ல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதி செய்தது. சாதாரணக் கூட்டாகவே இருப்பதானால் பத்திரத்தில் புத்தக மதிப்பு என்ற வரியை அடித்துவிட்டு, மவுத்தான தேதியின் சந்தை விலை, மதிப்புப் போட இரு பக்கமும் ஏற்கும் ஒரு ஆள், தவணை எத்தனை மாதம், பாக்கி தனி என்று எழுதுங்கள். பிள்ளைகள் சிறியவர்களென்றால் ஆளுக்கொரு வஸியை எழுத்தில் நியமியுங்கள், கூட்டாளியை அல்ல. கடையின் பேங்க் கணக்கு விவரம், யாருக்கு எவ்வளவு கைமாற்று, எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் அந்த நோட்டும் பத்திரமும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று இருவர் வீட்டுப் பெண்களுக்கும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.